கைநாட்டிலிருந்து வாசிப்புக்கு: வளர்ந்தவர்கள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள்?

பிரதேச செயலக வாசல்களில் செய்திக்காகக் காத்து நிற்கும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் நன்கு பழக்கம். "பிள்ளை, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுறியளோ?" கையில் ஒரு கடிதமோ விண்ணப்பப் படிவமோ இருக்கும். வாசித்துச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் பலரிடம் மறந்து வருவதற்குக் கண்ணாடியே இல்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

வாசிக்கத் தெரியாது என்று சொல்வதை விட, கண் தெரியாது என்று சொல்வது எங்கள் சமூகத்தில் இலகுவானது. கல்வியையே சொத்தாகப் பேசும் சமூகம் இது. அதற்குள் எழுத்துத் தெரியாமல் வாழ்பவர் அதை ஒரு குற்றம்போல மறைக்கிறார். ஆனால் அவருடைய பள்ளிக்கூடக் காலத்தைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஓர் இடப்பெயர்வின் திகதியாகவே இருக்கும்.

எண்ணிக்கைக்குள் தெரியாதவர்கள்

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1997 இல் வெளியாகின. பின்னர் 2016 இல் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 10 வயதுக்கு மேற்பட்டோரில் 95 வீதத்துக்கும் அதிகமானோர் எழுத்தறிவு உள்ளவர்கள். தெற்காசியாவில் இது பெருமைக்குரிய எண்தான்.

ஆனால் இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிறிய கூற்றை விளக்கத்துடன் வாசிக்கவும் எழுதவும் முடிந்தவரே எழுத்தறிவுள்ளவர் என்பது வரைவிலக்கணம். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் எவரையும் வாசிக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. கேட்கிறார், சொல்லப்படும் பதிலைப் பதிகிறார். மறைப்பதற்குக் காரணம் உள்ள ஒரு விடயத்தில் பதில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தவிர, 1981 இற்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய முதலாவது குடிசன மதிப்பீடு 2012 இல் நடந்ததுதான். 2001 இல் வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களில் அது முழுமையாக நடக்கவில்லை. இடைப்பட்ட 31 வருடங்களில் எங்கள் பிரதேசங்களில் யார் படித்தார்கள், யார் இடையில் விட்டார்கள் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை.

அந்தக் காலத்தில் பாடசாலைகள் முகாம்களாகின, முகாம்கள் பாடசாலைகளாகின. 1990 இலும் 1995 இலும் 2008-2009 இலும் இடம்பெயர்ந்தபோது முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் இருந்த பிள்ளைகள் இன்று இருபதுகளிலிருந்து நாற்பதுகள் வரையான வயதில் இருக்கிறார்கள். ஆட்சேர்ப்புக்குப் பயந்து பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள், பதினாறு வயதில் கலியாணம் செய்துவைக்கப்பட்டவர்கள், 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து கூலி வேலையோடு வளர்ந்தவர்கள் எனப் பல வகையினர் இதற்குள் இருக்கிறார்கள். இவர்கள் எவரும் படிக்க விரும்பாமல் விட்டவர்கள் அல்ல.

வாசிக்காத தாளின் விலை

எழுத்துத் தெரியாததால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வரலாற்றிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1993 இல் கைது செய்யப்பட்ட சிங்கராசா, தமிழ் மட்டும் பேசத் தெரிந்தவர். பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவரே மொழிபெயர்ப்பாளராகவும் தட்டச்சு செய்பவராகவும் இருந்து, சிங்களத்தில் ஒரு வாக்குமூலத்தைத் தயாரித்தார். தனக்கு விளங்காத அந்தத் தாளில் கையொப்பமிட மறுத்தபோது பெருவிரல் அடையாளம் பலவந்தமாக வைக்கப்பட்டது என்பது அவருடைய முறைப்பாடு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த வாக்குமூலத்தை வைத்தே 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைக்கப்பட்டது. இத்தகைய சூழலில் பெறப்பட்ட வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கூறியது. எனினும் 2006 இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை நிராகரித்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிங்களத் தாளின் முன் பட்டதாரித் தமிழரும் எழுத்தறிவற்றவரே. பொலிஸ் நிலையத்தில் சிங்கள முறைப்பாட்டுப் புத்தகத்தில் கையொப்பமிட்ட எவருக்கும் அந்த உணர்வு தெரியும். தமிழே வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு வங்கியும் ஆஸ்பத்திரியும் பஸ் பலகையும் மருந்துப் பக்கற்றும் ஒவ்வொரு நாளும் அந்தப் பொலிஸ் புத்தகம் போன்றவைதான்.

இன்று அந்த ஆபத்து அதிகம் வருவது கடன் படிவங்களிலும் காணி ஆவணங்களிலும். குழுக்கடனில் ஒரு பெண் தன் கடனுக்கு ஒப்பமிடுவதோடு பக்கத்து வீட்டாருக்குப் பிணையாகவும் ஒப்பமிடுகிறார். வட்டி எவ்வளவு, தவறினால் என்ன என்பதெல்லாம் அவர் வாசிக்காத பந்தியில் இருக்கின்றன.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. கையெழுத்து வைக்க மட்டும் பழகிக்கொள்வது சிலவேளை கைநாட்டை விட ஆபத்தானது. வாசிக்கத் தெரியாத ஒருவர் உறுதி முடிக்கும்போது, சாட்சிகள் முன்னிலையில் அதை வாசித்து விளக்கிய பின்னரே நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்த வேண்டும் என நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பெருவிரலை நீட்டுபவரைப் பார்த்தவுடன் அந்தக் கடமை நினைவுக்கு வரும். பெயரை அழகாக எழுதுபவரைப் பார்த்து, "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே வளர்ந்தோருக்கான எழுத்தறிவு வகுப்பு கையொப்பத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒப்பமிடும் தாளை வாசித்து விளங்குவதே அதன் இலக்காக இருக்க வேண்டும்.

"இந்த வயதில் மண்டைக்குள் ஏறுமா?"

வகுப்புக்கு வரச் சொன்னால் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆய்வுகள் தரும் பதில் தெளிவானது: ஏறும்.

1979 இல் ஜொசே மொராயிஸும் அவருடைய சகாக்களும் போர்த்துக்கலின் கிராமப்புறத்தில் இரண்டு குழுக்களைச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் ஒருபோதும் வாசிக்கப் பழகாதவர்கள். மற்றவர்கள் அதே பின்னணியைச் சேர்ந்தவர்கள், ஆனால் வளர்ந்த பின்னர் வாசிக்கப் பழகியவர்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மீதியைச் சொல்லுமாறு கேட்டபோது முதல் குழு தடுமாறியது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானோர் செய்தார்கள். சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் திறமை வயதோடு தானாக வருவதில்லை, வாசிக்கப் பழகும்போதே வருகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு கொலம்பியாவில் நடந்தது. அங்கு ஆயுதப் போராட்டத்தை விட்டுச் சமூகத்துக்குத் திரும்பிய முன்னாள் போராளிகள் சிலர் வளர்ந்த வயதில்தான் முதன்முதலாக வாசிக்கப் பழகினார்கள். அவர்களுடைய மூளைப் படங்களை, அதே பின்னணியில் இன்னும் வாசிக்கப் பழகாதவர்களுடைய படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2009 இல் வெளியானது. எழுத்து வடிவத்தையும் ஒலியையும் பொருளையும் கையாளும் பகுதிகளிலும், மூளையின் இரு பக்கங்களையும் இணைக்கும் நரம்புப் பாதையிலும் வேறுபாடு தெரிந்தது. 2010 இல் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் செய்த ஆய்வும் இதையே காட்டியது. வளர்ந்த பின் பழகியவர்களின் மூளையிலும் எழுத்தை அடையாளம் காணும் பகுதி உருவாகிறது.

ஆனால் பிள்ளைகளை விட வளர்ந்தவர்களுக்கு வேகம் வரத் தாமதமாகிறது. அதற்கு ஈடாக அவர்களிடம் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஆயிரக்கணக்கான சொற்களும் வாழ்க்கை அறிவும். பாதிச் சொல்லை எழுத்துக்கூட்டியதும் மீதியை அவர்களால் ஊகிக்க முடியும்.

தமிழ் எழுத்தில் எது இலகு, எது கடினம்?

"247 எழுத்து" என்று தொடங்கினாலே பாதிப் பேர் அடுத்த நாள் வரமாட்டார்கள். உண்மையில் பழக வேண்டியது 247 வடிவங்கள் அல்ல. 12 உயிர், 18 மெய், அவற்றோடு சேரும் கால், விசிறி, கொம்பு போன்ற குறிகள் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். தனியாகக் கவனம் தேவைப்படுவது உகர, ஊகார வரிசை. கு, சு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் வேறு உருவம் எடுக்கிறது.

தமிழில் ஒரு வசதி, எழுத்து அசையோடு போவது. "காணி" என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் படிக்காதவரும் "கா - ணி" என்று சொல்வார். எழுத்திலும் அது அப்படியே இரண்டு துண்டாக இருக்கிறது. ஆனால் "கா"வுக்குள் "க்" என்றும் "ஆ" என்றும் இரண்டு ஒலிகள் இருப்பதைக் கேட்பதுதான் கடினம். போர்த்துக்கலில் கண்ட தடங்கல் இதுதான். இதைத் தாண்டியவர் புதிய எழுத்துகளைத் தானே ஊகிக்கத் தொடங்குவார். தாண்டாதவர் ஒவ்வொரு எழுத்தையும் படம்போல மனப்பாடம் செய்து களைத்துப் போவார்.

வேறு சில தடங்கல்களும் உண்டு. கெ, கே, கை, கொ, கோ என்பவற்றில் கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, ஒலி பின்னால் வருகிறது. துணைக்காலும் "ர"வும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. ப, ம, ய ஒன்றோடொன்று குழப்பும். ண, ன, ள அப்படியே. "கடல்", "பகல்", "தங்கம்" மூன்றிலும் ஒரே "க" மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றை ஒரே நாளில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காமல், ஒன்று பிடிபட்ட பின் மற்றதைக் கொண்டுவருவதே வழி.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது

"அ - அம்மா, ஆ - ஆடு" என்ற வரிசை பிள்ளைகளுக்கானது. ஐம்பது வயது அம்மாவுக்கு ஆட்டுப் படம் காட்டிப் படிப்பிப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே. 1963 இல் அங்கிகோஸ் என்ற சிறு நகரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணித்தியாலப் பாடத்திட்டத்தில் வாசிக்கப் பழக்கினார்கள். அவருடைய முறையில் முதலில் அந்த மக்களின் பேச்சைக் கேட்டு, அவர்கள் வாழ்க்கையில் கனமான சில சொற்களைத் தெரிவுசெய்வார்கள். "செங்கல்" அப்படியான ஒரு சொல். அதன் படத்தை வைத்து முதலில் பேசுவார்கள்: யார் செங்கல் அரிகிறார், யார் வீட்டில் இருக்கிறார்? பிறகு சொல்லை அசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசையின் வரிசையையும் காட்டி, அவற்றிலிருந்து புதிய சொற்களைக் கற்பவர்களே உருவாக்குவார்கள். அன்றைய பிரேசிலில் எழுத்தறிவற்றவர்களுக்கு வாக்குரிமை இல்லை. எனவே வாசிக்கப் பழகுவது வாக்காளராவதும்கூட. 1964 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிரெய்ரே சிறையிடப்பட்டு நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

தமிழில் இந்த வழியில் நடந்த பெரிய முயற்சி தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கம். 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் தொடங்கிய அந்த இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் படித்தார்கள். அதோடு சைக்கிள் ஓடவும் பழகினார்கள். அவர்களுடைய அரிச்சுவடி "பட்டா", "படி" என்ற சொற்களோடு தொடங்கியது. பட்டா என்றால் அங்கே காணி ஆவணம்.

எங்கள் கிராமங்களில் தொடங்குவதானால் "காணி" என்ற சொல்லே போதும். கா, ணி என்று பிரித்து க, கா, கி, கீ வரிசையையும் ண, ணா, ணி, ணீ வரிசையையும் காட்டலாம். "ணி"யை வைத்துக்கொண்டு முன்னெழுத்தை மாற்றினால் ஆணி, பாணி, பணி, மணி என்று வரும். "பா"வோடு "ண்" சேர்த்தால் பாண். ஒரு மணித்தியாலத்துக்குள் ஐந்தாறு சொற்களைத் தானே வாசித்தவர் அடுத்த நாள் கட்டாயம் வருவார். அதன் பிறகு பிணை, வட்டி, கடல், படகு, மருந்து, பிள்ளையின் பெயர் என்று போகலாம். எந்தச் சொல் வேண்டும் என்பதைக் கற்பவரிடமே கேட்க வேண்டும். காணாமலாக்கப்பட்ட மகனின் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால், அதுவே அவருடைய முதல் பாடம்.

எழுத்துக்கூட்டலிலிருந்து விளக்கத்துக்கு

எழுத்துக்கூட்டத் தெரிந்ததோடு வாசிப்பு வந்துவிடுவதில்லை. "உ-று-திப்-ப-டுத்-து-" என்று ஒவ்வோர் எழுத்தாகப் போகும்போது, வசனத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. மனதில் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அது செலவாகிவிட்டால் பொருளுக்கு இடமில்லை. சொல்லைக் கண்டவுடன் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, தெரிந்த சிறு பந்தியைச் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது. படிப்பிப்பவர் ஒருமுறை வாசிக்க, அவரோடு சேர்ந்து ஒருமுறை, பிறகு தனியாக ஒருமுறை. பல வகுப்புகள் இந்த இடத்துக்கு வருமுன்னரே முடிந்துவிடுகின்றன.

அடுத்த படி மொழி. நாங்கள் பேசுவது ஒன்று, கந்தோர்த் தமிழ் வேறு. "காணி உங்கட எண்டதுக்கு ஒறிஜினல் உறுதியைக் கொண்டு வாங்கோ" என்றால் எல்லோருக்கும் விளங்கும். கடிதத்திலோ "மேற்படி காணியின் உரித்தாளர் தாங்களே என்பதை உறுதிப்படுத்தும் ஆவணங்களின் மூலப்பிரதிகளைச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்" என்று இருக்கும். வாசிக்க முடிந்தவருக்கும் இது விளங்காது. ஆகவே பேச்சுத் தமிழிலேயே தொடங்கலாம். கற்பவர் சொல்வதை அப்படியே எழுதிக் கொடுத்து அவரையே வாசிக்க வைக்கலாம். பிறகு "மேற்படி", "உரித்தாளர்", "பிணையாளி", "தவணை" போன்ற கந்தோர்ச் சொற்களை உண்மையான படிவங்களிலிருந்தே எடுத்துப் பழக்க வேண்டும்.

இதற்கு எவ்வளவு காலம் எடுக்கும்? இந்தியாவின் தேசிய எழுத்தறிவு இயக்கம் மூன்று படிநிலைப் புத்தகங்களுக்கு 200 மணித்தியாலத்தைத் திட்டமிட்டது. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் ஏறத்தாழ பத்து மாதம். மூன்று நாள் செயலமர்வால் ஒருவரும் வாசிக்கப் பழகமாட்டார்கள். வகுப்பு முடிந்த பின் வாசிக்க எதுவும் கிடைக்காவிட்டால் பழகியதும் மறந்துபோகும்.

தொடங்க விரும்புவோருக்கு

பாடசாலைக்கு வெளியே உள்ளவர்களின் கல்விக்காகக் கல்வி அமைச்சின் கீழ் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பானவரைக் கேட்டு, எழுத்தறிவு வகுப்பு நடத்துமாறு மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாக எழுத்தில் கோரலாம். வகுப்பு கிடைக்கும்வரை வீட்டிலேயே தொடங்கலாம். அதற்குச் சில குறிப்புகள்:

முதலில் கண்ணைச் சோதியுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. கண்ணாடி இல்லாமல் பழக்கினால், படிப்பு ஏறவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், வெளிச்சம் போதுமா என்று பாருங்கள்.

நேரத்தை அவரே தீர்மானிக்கட்டும். தோட்டம், கடல், கூலி வேலை முடிந்து சமையலுக்கு முன் கிடைக்கும் முக்கால் மணித்தியாலம் போதும். நித்திரையில்லாத இரவுகளும் பழைய நினைவுகளும் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் ஒன்றும் மனதில் நிற்காது. அது மந்தம் அல்ல. அன்று பழையதை ஒருமுறை வாசித்துவிட்டு விட்டுவிடலாம்.

பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் பிழை விட்டால் சிரிக்கக் கூடாது என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். ஒருமுறை சிரித்ததால் நின்றுபோன படிப்புகள் உண்டு.

வாசிக்கப் பழகும்வரை உரிமைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்பதை 1988 இல் 16 ஆம் திருத்தம் உறுதிப்படுத்தியது. கடிதத்தையும் படிவத்தையும் தமிழில் கேட்பது சலுகை அல்ல. எந்தத் தாளானாலும் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், பிரதி ஒன்றைக் கேளுங்கள், அவசரப்படுத்தினால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்து வைக்கத் தெரிந்தாலும், வாசிக்கத் தெரியாவிட்டால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பாடசாலைக் கட்டடங்களும் வீதிகளும் திரும்பக் கட்டப்பட்டன. அந்தப் பாடசாலைகளில் படிக்க முடியாமல் போனவர்களுக்கு மட்டும் எவரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 200 மணித்தியாலமும் ஒரு பலகையும் இருந்தால் அதில் ஒரு பகுதியையாவது கொடுக்கலாம். அடுத்த முறை எவராவது கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று கடிதத்தை நீட்டினால், வாசித்துக் காட்டுங்கள். சொற்களை விரலால் தொட்டுத் தொட்டு, அவரும் பார்க்கும்படி மெதுவாக வாசியுங்கள்.